ஏப்ரலில் பார்த்த புல்வெளி

டிசம்பர் இரண்டாவது வாரம். கோத்தகிரிப் பக்கம் மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. ஏப்ரலில் பிளாஸ்க்கைத் திறந்து எல்லோரும் உட்கார்ந்து டீ குடித்த அதே புல்வெளியில் டீச்சர் கால் வைத்தார். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. கூட வந்த பசங்க இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தபோது கால் வந்தது, செருப்பு வரவில்லை.

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊருக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் நடந்து போக, தேயிலைத் தோட்டங்களின் ஓரமாக நாலு கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை போடலாம் என்று ஊர்க்காரர்கள் பேசத் தொடங்கியபோது, வழியில் எங்கெங்கே ஓடை, எங்கெங்கே ஈரநிலம் என்று பார்த்துக் குறித்துக் கொடுக்கும் வேலை அவரிடம் வந்தது. சம்பளமெல்லாம் கிடையாது. டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கைதான்.

ஏப்ரலில் ஒரே நாளில் நடந்து முடித்தார். மூன்று ஓடைகள். நடுவில் அந்தப் புல்வெளி: சமதளம், காய்ந்த புல், சுற்றிலும் யூகலிப்டஸ், பசங்க கிரிக்கெட் ஆடலாம் போல ஓர் இடம். ‘இங்கே தண்ணீர் இல்லை, பாதை போடலாம்’ என்று நோட்டில் எழுதினார்.

அந்த ஒரு வரியை நம்பித்தான் அவருடைய தம்பி கடன் வாங்கினார். புல்வெளி ஓரத்தில் அவருக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலை விலை எப்போது கையைக் கடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பாதை வந்தால் அங்கே ஒரு டீக்கடை, சூடாக பஜ்ஜி. கொத்தனாருக்கு நாற்பதாயிரம் ரூபாய் முன்பணமும் கொடுத்தாயிற்று.

டீச்சரை மறுபடி நடக்கச் சொன்னது அதிகாரி யாரும் இல்லை, கொழுந்து பறிக்கிற ஒரு பாட்டிதான். “வெயில்ல வந்து பாத்துட்டுப் போனா என்னம்மா தெரியும்? ஐப்பசி, கார்த்திகைல வந்து பாரு. மாடே அதுல எறங்காது” என்றார். நீலகிரியின் இந்தக் கிழக்குப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் பக்கம். அக்டோபருக்கு முன்னால் இங்கே ஓடைகளை எண்ணுவது, பந்தி தொடங்கும் முன்பே சாப்பிட்டவர்களை எண்ணுகிற மாதிரி.

எண்ணினார்கள். மூன்று, பதினொன்று ஆனது. சில, கை அகலக் கசிவுதான். பெரிய ஓடையில் பத்து மீட்டர் தூரத்தைக் குறித்து, காய்ந்த இலையைப் போட்டு, செல்போனில் நேரம் பார்த்தார்கள். 25 விநாடி. அகலம் அரை மீட்டர், ஆழம் 10 சென்டிமீட்டர். மேலே ஓடும் வேகம் அடியில் இருக்காது என்பதால் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். விநாடிக்கு 16 லிட்டர். கல்லைப் புரட்டினால், மணலைக் கோத்துக் கூடு கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் புழுக்கள். அசுத்தமான தண்ணீரில் பெரும்பாலும் தங்காதவை அவை.

புல்வெளியில் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து ஒன்றரை அடி தோண்டினார்கள். மேலே கரி மாதிரி கறுப்பு மண். அதன் கீழே சாம்பல் நிறம், நடுநடுவே வேர் போன வழியில் துருப்பிடித்த நூல் மாதிரி கோடுகள். நீர் தேங்கிய மண்ணில் காற்று இருக்காது. செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுக்கும் இரும்பு அங்கே நிறத்தை இழந்துவிடும். வேர் வழியாகக் கொஞ்சம் காற்று இறங்கும் இடத்தில் மட்டும் துரு. ஒரு வருடத்தில் வருகிற நிறம் இல்லை அது, ஒரு கோடையில் போகிறதும் இல்லை. அதாவது, ஏப்ரலிலேயே தோண்டியிருந்தால் தெரிந்திருக்கும். டீச்சர் தண்ணீரைத் தேடினாரே தவிர, மண்ணைப் பார்க்கவில்லை. காலடியில் கோரையும், பூச்சி பிடிக்கும் அழுகண்ணிச் செடியும் இருந்தன. வகுப்பில் படம் வரைந்து எத்தனை தடவை பாடம் நடத்தியிருப்பார்!

அன்று ராத்திரி தம்பி வீட்டுக்குப் போனார்.

“ஏப்ரல்ல நீதானேக்கா ஒண்ணும் இல்லைன்னு எழுதினே?”

“தப்பா எழுதிட்டேன்டா.”

“நாலு லோடு மண்ணும் கல்லும் கொட்டி, அடியில ஒரு குழாய் போட்டா முடிஞ்சுது. இன்ஜினியரே சொல்றார்.”

சொல்வது சுலபம். சதுப்பு என்பது குளம் இல்லை, ஓர் இடத்தில் குழாய் வைத்தால் போதும் என்பதற்கு. சரிவு முழுக்கத் தண்ணீர் மண்ணுக்குள் பரவி மெதுவாக இறங்குகிறது. குறுக்கே மண்மேடு எழுப்பினால் மேல்பக்கம் தேங்கும், குழாய் வாயில் மட்டும் வேகமாகக் கொட்டி அரிக்கும், கீழ்ப்பக்கம் காயும். கீழ்ப்பக்கத்தில்தான் ஊற்று இருக்கிறது. பங்குனி, சித்திரையில் இருபது வீட்டுக்கு அதுதான் குடிதண்ணீர். தம்பி வீடும் அதில் ஒன்று. மரப்பலகைப் பாலம் போடலாம்தான். அதற்கான பணம் அந்த ஊரிடம் இல்லை.

சட்டத்தைக் காட்டலாமா என்றும் டீச்சர் பார்த்தார். 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளைத் தேடிப் படித்தார். ஆற்றுப் பாதைகளும் நெல்வயல்களும் அதில் ஈரநிலக் கணக்கில் சேராது. பெயரே இல்லாத ஒரு மலைச் சதுப்புக்காக எந்த அலுவலகப் படியேறுவது? பேசாமல் புது வரைபடம் போட்டார். பாதை புல்வெளிக்கு மேலே, யூகலிப்டஸ் ஓரமாகச் சுற்றிப் போனது. 340 மீட்டர் கூடுதல். பழைய வரியை அடித்து, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

புது வழி தம்பியின் தேயிலைப் பக்கம் வரவே இல்லை. கொத்தனார் முன்பணத்தில் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தார். மீதியை டீச்சர் பென்ஷனிலிருந்து எடுத்துப் போனபோது, தம்பி மனைவிதான் வாங்கிக்கொண்டாள். பொங்கலுக்கும் தம்பி வரவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு காலை. ஊற்றுக் குழாயில் தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. டீச்சர் குடத்தோடு போனபோது தம்பி அங்கே நின்றிருந்தார். அவர் குடம் நிறையும் வரை இரண்டு பேரும் பேசவில்லை.

“அக்கா, மேல சுத்திப் போற வழி ரொம்ப ஏத்தமோ?”

“ஒரு இடத்துல ஏத்தம்தான்.”

“வயசானவங்க ஏறுவாங்களா?”

“நடுவுல உட்கார்ந்துட்டுத்தான் ஏறணும்.”

தம்பி ‘ம்’ என்றார். தன் குடத்தை நகர்த்திவிட்டு, அக்காவின் குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்தார்.