தூள் வெள்ளையாக வந்தால் நிறுத்து

லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்த செய்தி 2021 ஜனவரியில் வந்தது. அன்று மாலையே மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய்க்குள் கிடந்த, அந்த நிறுவனம் செய்த ஸ்கூட்டரான அப்பாவின் விஜய் சூப்பரை வெளியே இழுத்தேன். இத்தாலியின் இன்னொசென்டி நிறுவனம் 1947-இல் லாம்பிரெட்டா ஸ்கூட்டரைத் தொடங்கி, 1971-இல் கைவிட்டது. அதைச் செய்த இயந்திரங்களை வாங்கிக்கொண்டு வந்துதான் லக்னோ ஆலை எழுந்தது. அங்கே 1997-க்குப் பிறகு ஸ்கூட்டரே செய்யவில்லை.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்ததும் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் திருப்பத்தில் பின்பக்கம் மட்டும் தனியாக வேறு ஊருக்குப் போகப் பார்த்தது. ஒரு பட்டறையில் முழு எஞ்சினையும் பிரிக்கவேண்டும் என்றார்கள். நண்பர் ஒருவர்தான் திருச்சி பாலக்கரையில் ஒரு பாயிடம் அனுப்பினார்.

பாய்க்குப் பட்டறை கிடையாது. வீட்டு வாசலில் ஒரு வைஸ், ஒரு மரப்பலகை, இரண்டு பிஸ்கட் டின் நிறையச் சாமான். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடவலமாக அசைத்தார். ‘டொக்’ என்றது.

“எஞ்சின்ல ஒண்ணும் இல்ல தம்பி. புஷ் போயிருக்கு.”

இந்த வண்டியில் எஞ்சினும் பின்சக்கரமும் ஒரே உடம்பு. குறுக்கே போகும் ஒரு நீளப் போல்ட்டில்தான் அது ஊஞ்சல்போல ஆடும். போல்ட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்ட் பிளாக்; பாய் சொன்ன புஷ் இதுதான்: வெளியே இரும்பு வளையம், உள்ளே இரும்புக் குழாய், இடையில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். அந்த ரப்பர் பிய்ந்துவிட்டால், சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும்.

கேபிள்களைக் கழற்றி எஞ்சினை இறக்கியதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எஞ்சின் பலகைமேல் கிடந்தது. பாய் ரப்பரில் வரிசையாகத் துளை போட்டு, நடுக்குழாயைத் தட்டி எடுத்திருந்தார். வெளி வளையம் மட்டும் அலுமினியத்தைக் கவ்விக்கொண்டு வர மறுத்தது.

சுத்தியலால் ஒரு போடு போட்டால் வந்துவிடாதா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பத்தொன்பது வயசுல அப்படித்தான் போட்டேன். எஞ்சின் கேஸு விரிஞ்சிருச்சு. வெல்டிங் காசு முதலாளி ஆறு மாசம் என் கூலில பிடிச்சாரு.”

ஹேக்சா பிளேடைத் துளைக்குள் நுழைத்து, வளையத்தை உள்ளிருந்து அறுக்கத் தொடங்கினார். இருபது நிமிடம் பேச்சில்லை. கண் கீழே உதிரும் தூளின் மேலேயே இருந்தது. “கறுப்பா வர்ற வரைக்கும் இரும்பு. வெள்ளையா மினுக்கினா அலுமினியம். நிறுத்திரணும்.” ஒரு மினுக்கல் தெரிந்ததும் பிளேடை உருவினார். சிறிய உளியால் நெம்பியதும் வளையம் சுருங்கிக் கையோடு வந்தது.

பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் வீட்டம்மா ஃப்ரீஸரில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்திலிருந்து புது புஷ்ஷை எடுத்து வந்தார். ஒரு கெட்டில் கொதிநீரை எஞ்சின் துவாரத்தில் ஊற்றினார் பாய். சூட்டில் இரும்பைவிட அலுமினியம் கிட்டத்தட்ட இரு மடங்கு விரியும். குளிரில் புஷ் ஒரு மயிரிழை சுருங்கியிருக்கும்.

அப்போதுதான் பிஸ்கட் டின்னிலிருந்து, புஷ்ஷை உள்ளே இழுத்து உட்காரவைக்கும் ஒரு புல்லர் வெளியே வந்தது. ஒரு முழத் திரெட் ராடு, இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள், தண்ணீர்க் குழாயில் அறுத்த ஒரு துண்டு. கேஸு விரிந்த அந்த ஆண்டே, லேத்துக்காரர் ஒருவரிடம் வாஷர்களைக் கடைந்து வாங்கிச் சேர்த்ததாம். ஸ்பேனரை ஒவ்வொரு கால் சுற்றாகத் திருப்பினார். புஷ் கோணாமல், சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

எஞ்சினை ஏற்றி, போல்ட்டைக் கோத்த பிறகும் நட்டை முறுக்கவில்லை. “ஸ்டாண்ட எடுத்துட்டு ஏறி உக்காருங்க தம்பி.” என் எடையில் வண்டி தாழ்ந்ததும் முறுக்கினார். ஸ்டாண்டிலேயே முறுக்கியிருந்தால், நான் ஏறி உட்காரும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்திருக்கும்.

கூலியாக 700 ரூபாய் கேட்டார். கேட்டதே கூச்சத்தோடு.

இந்த வண்டிகளைத் தேடிப் புரோக்கர்கள் வருகிறார்கள். அப்பா போன வீடாகப் பார்த்து, பழைய இரும்பு விலை பேசித் தூக்கிப் போகிறார்கள். இரட்டை வண்ணப் பெயின்ட் அடித்ததும் அது சேகரிப்பாளருக்கான அபூர்வப் பொருளாகிறது; கப்பலேறிப் போனவையும் உண்டு. பெயின்ட்டுக்குக் கீழே பழைய புஷ்ஷே இருக்கும், ஏனென்றால் புஷ் போட்டோவில் தெரியாது. பாய் மாதிரி ஆளைக் கூப்பிட்டாலும் பேரம் அவர் கூலியில்தான் நடக்கும். கடைக்காரர் சொல்லும் விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கும் நாம், கேஸு விரியாமல் காப்பாற்றிய கையிடம் நூறு ரூபாய் குறைக்கப் பார்க்கிறோம். நானும் இத்தனை நாள் அப்படித்தான் இருந்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு விஜய் சூப்பர் கிடந்தால், பின்சக்கரத்தைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ‘டொக்’ என்றால் விலை கேட்டு வருபவரிடம் பேசாதீர்கள். முதலில் புஷ்ஷைக் கழற்றத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.