வேலைப் பட்டியலில் ஒரு கல்லறை

போன கிழமை கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் நின்றான். நண்பரின் மகன், கணினி வேலை, கெட்டிக்காரன். இரவு புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "ஜேர்மன்காரனைப் பாருங்கோ அங்கிள். நடந்ததையெல்லாம் மறந்திட்டு எப்பிடி முன்னேறியிருக்கிறாங்கள்! நாங்கள்தான் இன்னும் கார்த்திகை, கல்லறை எண்டு அழுதுகொண்டு நிக்கிறம்." விருந்தாளி என்பதால் இன்னொரு நீத்துப்பெட்டி புட்டைத் தட்டில் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

தம்பி, ஜேர்மன்காரன் மறக்கவில்லை. மறக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. அமெரிக்காவின் மார்ஷல் திட்டக் காசு வந்தது, ஆலைகள் புகைந்தன, போரில் அப்பா என்ன செய்தார் என்று வீடுகளில் கேட்பாரில்லை. பிராங்க்ஃபர்ட்டில் அவுஷ்விட்ஸ் வழக்கு தொடங்க 1963 டிசம்பர் ஆனது. 1970இல் மேற்கு ஜேர்மன் சான்சலர் வில்லி பிராண்ட் வார்சோவில் யூதர் நினைவிடத்தின் முன் முழந்தாளிட்டபோது 'ஷ்பீகல்' சஞ்சிகை எடுத்த கருத்துக்கணிப்பில் 48 வீதம் பேர் இது அளவுக்கு மிஞ்சினது என்றார்கள். போர் முடிந்து இருபத்தைந்து வருடம் கழித்து! எங்கள் நாட்டிலும் காப்பெற் வீதி போட்டால் சமாதானம் தானாக வரும் என்று நம்புகிறவர்கள், யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் ஒருக்கால் போய்வரலாம்.

ஆனால் நான் அதிசயிப்பது அந்த முழந்தாளை அல்ல, புல்லு வெட்டுவதை.

சீனி வருத்தம் வந்தபிறகு டொக்டர் நடக்கச் சொன்னார். ஜேர்மனியின் ரூர் பகுதியில் நான் இருக்கும் ஊரில் நடக்க அமைதியான இடம் சவக்காலைதான். இந்த நாட்டில் செத்தவனுக்கும் தவணை உண்டு. இருபது முப்பது வருடம் முடிந்ததும் கல்லில் ஒரு தாளை ஒட்டிவிடுவார்கள்: உறவினர்கள் அலுவலகத்தோடு தொடர்புகொள்ளவும். யாரும் வராவிட்டால் கல் போய்விடும். காலமெல்லாம் வரி கட்டிய மனிசனுக்கே இந்தக் கதி. (எரித்துச் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைப்பது எவ்வளவு மேல் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.)

ஆனால் மூலையில் குட்டைக் கற்கள் ஒரு வரிசை. அவற்றில் மட்டும் தாள் ஒட்டுவதில்லை. ரஷ்யப் பெயர்கள், போலந்துப் பெயர்கள். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் பிடித்துவரப்பட்ட போர்க்கைதிகள், கட்டாய வேலையாட்கள். சில கற்களில் பெயர் தெரியாது என்று மட்டும் வெட்டியிருக்கிறது. போரிலும் கொடுங்கோலாட்சியிலும் செத்தவர்களின் கல்லறைக்குத் தவணை கிடையாது, அது நிரந்தரம் என்பது இங்கே சட்டம். ஜேர்மன் சிப்பாய்க்கும், குண்டு விழுந்து செத்த கிழவிக்கும், வதைமுகாமில் செத்தவருக்கும் அதே சட்டம்தான்.

ஒரு காலையில் நகரசபைத் தோட்டக்காரர் முழங்காலில் இருந்து, சின்னக் கத்தியால் ரஷ்ய எழுத்துகளுக்குள் இருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். பிறகேன் இவ்வளவு கவனம்? விசரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "வேலைப் பட்டியலில் இருக்கிறது" என்றார். கண்ணீருமில்லை, பிரசங்கமுமில்லை.

பேர்லின் ட்ரெப்டோ பூங்காவில் 7,000க்கு மேற்பட்ட சோவியத் வீரர்கள் கிடக்கிறார்கள். தோற்றவனின் தலைநகரில் வென்றவனின் நினைவிடம். பாதுகாப்பதாக 1990இல் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால், நோர்மண்டியின் லா கோம்ப்பில் 21,000க்கு மேற்பட்ட ஜேர்மன் சிப்பாய்களுக்குப் பிரான்ஸ் தன் மண்ணில் இடம் விட்டிருக்கிறது. ஹிட்லரின் எஸ்எஸ் படைக்காரனும் அதற்குள் கிடக்கிறான். 1985இல் எஸ்எஸ் காரர்கள் புதைந்திருந்த ஜேர்மனியின் பிட்பர்க் சவக்காலைக்கு அமெரிக்க ஜனாதிபதி ரீகன் மலர்வளையத்தோடு போனபோது ஊருலகமே கத்தியது. வளையம் வைக்காதே என்றுதான் கத்தினார்கள். கல்லறை வேறு, மாலை வேறு.

இந்த வித்தியாசம் எங்கள் இலங்கை அரசுக்கு விளங்கவில்லை. போரில் செத்த புலிப் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களைப் புல்டோசர் விட்டு உழுதார்கள். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் அந்த நிலத்திலேயே படைத் தலைமையகம் கட்டி 2011இல் திறந்தார்கள். வென்ற பிறகும் செத்த பிள்ளைகளுக்குப் பயந்த அரசு அது.

எங்களையும் சொல்லத்தான் வேண்டும். இங்கே கார்த்திகையில் மாவீரர் நாளுக்கு மண்டபம் எடுக்கிறோம், பூ, பாட்டு, ஒலிபெருக்கி. எங்கள் ஆட்களான புலிகளே சுட்டுக்கொன்ற மற்ற இயக்கப் பெடியன்களுக்கு அங்கே ஒரு விளக்கில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. நானும் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வாய் திறக்காமல் வந்தவன்தான்.

ஜேர்மன்காரரின் துக்க நாளும் நவம்பரில்தான், நடுவில் ஒரு ஞாயிறு. எங்கள் ஊரில் நகரபிதா வருவார், பித்தளை வாத்தியம் ஊதுவார்கள், கிழடுகள் பத்துப் பேர் நிற்பார்கள், இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். யாரும் வாய்விட்டு அழமாட்டார்கள். என் அக்கா அங்கே நின்றிருந்தால் அந்த வாத்தியத்தையே நிற்பாட்டியிருப்பா.

அக்காவின் மூத்தவன் அந்தக் கோப்பாய்த் துயிலும் இல்லத்தில்தான் விதைக்கப்பட்டான். எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கல் என்று அவவுக்குப் பாடம். இப்போது அவன் முகாமின் குசினிக்குக் கீழே கிடக்கிறானா, அணிவகுப்புத் திடலுக்குக் கீழே கிடக்கிறானா என்று தெரியாது. ஒவ்வொரு நவம்பர் 27ஆம் திகதியும், மாவீரர் நாளன்று, முகாமுக்கு எதிர்ப்புறம், தெருவோரத்தில் நின்று விளக்கேற்றுகிறா. கார்த்திகை மழையில் அணைந்தால் மறுபடி கொளுத்த இரண்டு நெருப்புப்பெட்டி கொண்டுபோவா.