நுரைக்கு முன் ஒரு சுங்கம்

கோயம்புத்தூரில் பல வீடுகளில் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணி, மற்றொன்றில் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி சிறுவாணி அணையிலிருந்து வருவது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும். உப்புத் தண்ணி போர் போட்டு எடுத்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுவது. மிச்ச வேலையெல்லாம் அதன் தலையில். சவரமும் அந்த மிச்ச வேலைகளில் ஒன்று. டியூபிலிருந்து கிரீமைப் பிதுக்கிக்கொண்டிருந்தவரை இந்தப் பங்கீட்டைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. கன்னத்தில் நேரே தேய்க்கும் கட்டிச் சோப்பான ஷேவிங் ஸ்டிக்குக்கு மாறியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. சிறுவாணித் தண்ணீரில் அதே ஸ்டிக் பளபளப்பான, கெட்டியான நுரையைக் கொடுக்கிறது. போர் தண்ணீரிலோ பெரிய பெரிய குமிழிகளாகக் கிளம்பி, ஒரு கன்னத்தை மழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்தில் அடங்கிவிடுகிறது.

கடின நீரில் சோப்பு நுரைக்காது என்று எல்லாரும் பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். எனக்கு வேண்டியிருந்தது அதற்கு அடுத்த பதில். கடினம் என்பதை முதலில் அளந்தது யார், எதைக் கொண்டு? அந்தத் தண்ணீர் என் சோப்பில் எவ்வளவை எடுத்துக்கொள்கிறது? கிரீமை அவ்வளவாகப் பாதிக்காதது ஸ்டிக்கை மட்டும் ஏன் இப்படிப் பிடிக்கிறது?

தேடலைச் சலூனிலிருந்தே தொடங்கினேன். உக்கடம் பக்கம் ஒரு பழைய சலூன். அங்கும் போர் தண்ணீர்தான். ஆனால் சலூன்காரர் கிண்ணத்தில் எழும் நுரை அசைவதில்லை.

“ஏனுங்கண்ணா, இந்தத் தண்ணியில உங்களுக்கு மட்டும் எப்படிங்க நுரை நிக்குது?”

“தண்ணிய என்னத்துக்குங்க தம்பி குத்தம் சொல்றது? நீங்க பிரஷ்ஷை முக்கி அப்பிடியே மூஞ்சிக்குக் கொண்டாந்துருவீங்க. நல்லா ஒதறீட்டு எடுக்கோணும். சோப்பைத்தான் தாராளமா எடுக்கோணும். நுரை கட்டுன பொறகு வேணும்னா தண்ணியத் தொட்டுக்கலாம்.”

இது அனுபவத்தின் சொல். காரணம் தெரியவேண்டுமே. பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி வந்து மூன்று பாட்டில்களில் ஊற்றினேன். ஒன்றை அப்படியே விட்டேன். இரண்டாவதில் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் சமையல் உப்பு. மூன்றாவதில் அதே அளவு எப்சம் உப்பு, அதாவது செடிகளுக்குப் போட நர்சரிகளில் விற்கும் மெக்னீசியம் சல்பேட். ஸ்டிக்கைச் சீவி ஒரே அளவு துருவலைப் போட்டுக் குலுக்கினால், முதல் இரண்டிலும் நுரை எழுந்து நின்றது. மூன்றாவது பாட்டில் பால்போல் வெளுத்து, மேலே மெல்லிய ஆடை மிதந்தது, நுரையில்லை. ஒரு லிட்டரில் ஒரு கிராம் எப்சம் உப்பு என்பது, கால்சியம் கார்பனேட் கணக்கில் சொன்னால், சுமார் 400 மில்லிகிராம் கடினத்தன்மை. ஆக, நாம் உப்பு என்று நாக்கால் அடையாளம் காண்பது வேறு, சோப்பைக் கெடுப்பது வேறு. சோடியம் இந்த வழக்கில் நிரபராதி. குற்றவாளிகள் கால்சியமும் மெக்னீசியமும்.

அவை எங்கிருந்து வந்தன என்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு லேசான அமிலமாகிறது; வழியில் சுண்ணாம்பு கிடைத்தால் கரைத்துக்கொள்கிறது. கோவை வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மதுக்கரையில் சுண்ணாம்புக்கல்லை நம்பி ஒரு சிமென்ட் ஆலையே எழுந்தது. சிறுவாணி நீரோ மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் பெய்து, கரையாத பாறைகளின் மேல் ஓடி, அணையில் தேங்கி, குழாய் வழியாக நேரே வந்துவிடுகிறது. சுண்ணாம்பைச் சந்திக்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

இனி சோப்பின் பக்கம். சோப்பு என்றால் என்ன என்று உலகத்துக்குச் சொன்னவர் மிஷேல் யூஜின் செவ்ரால் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1811இல் ஒரு துணி உற்பத்தியாளர் பன்றிக் கொழுப்பில் செய்த சோப்பு ஒன்றை அவரிடம் ஆராயக் கொடுத்தார். அங்கே பிடித்த நூலை அவர் ஆண்டுக்கணக்கில் விடவில்லை. 1823இல் வெளியிட்ட நூலில் கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது, காரம் அதைப் பிரித்து அந்த அமிலங்களோடு சேரும்போது கிடைக்கும் உப்பே சோப்பு என்று நிறுவினார். ஸ்டியரிக் அமிலம், ஒலியிக் அமிலம் போன்றவற்றைப் பிரித்துக் காட்டியவரும் அவரே. 102 வயதுவரை வாழ்ந்தார்.

சவரச் சோப்பின் உயிர் இந்த ஸ்டியரிக் அமிலத்தில்தான் இருக்கிறது. நெருக்கமான, நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், நேரம் தாங்கும் நுரை அதனால் வருவது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பில் பெரிய குமிழிகள் சட்டென்று எழும், சட்டென்று போகும். குளிக்க அது போதும். அதே தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கடல்நீரிலும் ஓரளவு நுரைக்கும் என்பதால் மாலுமிகளுக்கென்று தனியாகச் செய்து விற்றார்கள். அதன் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் குட்டையானவை, எளிதில் கரைபவை. ஸ்டியரிக் அமிலத்தின் சங்கிலியோ 18 கார்பன் அணுக்கள் நீளம். நுரைக்கு ஆயுள் தருவது அந்த நீளம். கால்சியத்தைக் கண்டதும் முதலில் திரிந்துபோகச் செய்வதும் அதே நீளம். கால்சியம் ஸ்டியரேட் தண்ணீரில் கரைவதே இல்லை எனலாம். வாஷ்பேசின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு விரல் நகத்துக்கும் அசையாத அந்த அழுக்கு அதுதான்.

அளவுகோலைத் தேடிப்போனபோது ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்தேன். தாமஸ் கிளார்க், அபர்தீன் நகரின் மாரிஷல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். 1841இல், கடின நீரில் அளவாகச் சுண்ணாம்பு சேர்த்தே அதிலுள்ள சுண்ணாம்பைப் படியவைத்து நீக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முரண்போலத் தோன்றினாலும் அது வேலை செய்யும் முறை. பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்றும் அதன் வழித்தோன்றல்கள் உண்டு. ஆனால் என்னை நிறுத்தியது அவருடைய சோதனை. தண்ணீரை மென்மையாக்கியதாகச் சொன்னால் எவ்வளவு என்று காட்டவேண்டும் அல்லவா? அவர் எடுத்த கருவி நுரை. அளந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி, அளவு தெரிந்த சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்கவேண்டும். பாட்டிலைப் படுக்கவைத்தால் நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நிற்கவேண்டும். அந்த நிலைக்கு வரச் செலவான சோப்பே அந்தத் தண்ணீரின் கடினம். ஒரு காலன் நீரில் ஒரு கிரெய்ன் கால்சியம் கார்பனேட் இருந்தால் ஒரு டிகிரி. இன்றைய கணக்கில் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம்.

இதைப் படித்தபோது என் கேள்வியே திசை திரும்பியது. கடினத்தன்மை நுரையைப் பாதிக்கிறது என்று நாம் சொல்கிறோம். வரலாற்றில் அது மறுதலை: நுரை நின்றதா, அதற்கு எவ்வளவு சோப்பு போயிற்று என்பதைக்கொண்டுதான் கடினத்தன்மையே அளக்கப்பட்டது. பிரஷ்ஷால் முகத்தில் நுரை கட்டுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, கிளார்க்கின் சோதனையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

அந்தக் காலத்தில் இது அரசியலும்கூட. 1850இல் பிரிட்டனின் பொதுச் சுகாதார வாரியம், லண்டன் மக்கள் தேம்ஸ் ஆற்றின் கடின நீரை விட்டு சர்ரே பகுதியின் மென்மையான நீருக்கு மாறவேண்டும் என்று பரிந்துரைத்தபோது, வீடுகளில் மிச்சமாகும் சோப்பும் ஒரு வாதமாக முன்வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தாமஸ் கிரஹாம், மில்லர், ஹாஃப்மன் என்ற மூன்று வேதியியலாளர்கள் அரசுக்காக லண்டன் நீரை ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள். லண்டன் கடைசியில் தேம்ஸோடுதான் இருந்தது. கிளாஸ்கோ 1859இல் காட்ரின் ஏரியின் மென்மையான நீரைக் குழாயில் கொண்டுவந்தது. கோவைக்குச் சிறுவாணி எப்படியோ, கிளாஸ்கோவுக்கு அந்த ஏரி அப்படி.

அளவுகோல் கிடைத்தபின் கணக்குப் போடுவது எளிது. கடின நீர் சோப்பிடம் சுங்கம் வசூலிக்கிறது. அந்தச் சுங்கம் தண்ணீரின் கொள்ளளவுக்கு ஏற்ப. கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 200 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. ஆகவே 300 ஒன்றும் அபூர்வமான எண் அல்ல. அப்படிப்பட்ட ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 1.8 கிராம் சோடியம் ஸ்டியரேட்டைத் திரியவைக்கும். 15 லிட்டர் வாளி என்றால் 27 கிராம். துணி துவைக்கிறவர்கள் இந்த நீரைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சவரத்துக்கு? பிரஷ்ஷிலும் முகத்திலும் சேர்த்து 30 மில்லி தண்ணீர் என்றால் சுங்கம் வெறும் 55 மில்லிகிராம். ஒரு கிராம் சோப்பை முகத்தில் ஏற்றியிருந்தால் இது இருபதில் ஒரு பங்குதான். ஸ்டிக்கை நாலு இழுப்பு இழுத்துக் கால் கிராம்தான் ஏற்றினோம், பிரஷ்ஷை உதறாமல் 60 மில்லி தண்ணீரையும் கொண்டுவந்தோம் என்றால் சுங்கம் 110 மில்லிகிராம். ஏற்றியதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. சலூன்காரரின் இரண்டு கட்டளைகளும், உதறு, தாராளமாக எடு என்பவை, இந்த ஒரே பின்னத்தின் மேலும் கீழும் உள்ள எண்கள்தாம்.

ஸ்டிக் ஏன் தனியாகச் சிக்குகிறது என்பதும் இங்கேதான் புரிகிறது. 1840இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொழில் தொடங்கிய வில்லியம்ஸ் கம்பெனி, குவளைச் சோப்போடு சவர ஸ்டிக்கையும் விற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல்கேட், தீர்ந்தால் சோப்பை மட்டும் மாற்றிக்கொள்ளும் பிடியுள்ள ஸ்டிக்கைக் கொண்டுவந்தது. கிண்ணம் வேண்டாம், பெட்டியில் போட்டுக்கொண்டு ரயிலேறலாம். ஆனால் கையில் பிடித்துத் தாடையில் இழுக்கும்போது குழையாமல் நிற்க அது கெட்டியாக இருக்கவேண்டும். சோப்பாக்கும் காரங்களில் காஸ்டிக் பொட்டாஷ் இளக்கமான, விரைவாகக் கரையும் சோப்பைத் தரும். காஸ்டிக் சோடா கெட்டியான, மெதுவாகக் கரையும் சோப்பைத் தரும். கிரீமில் பொட்டாஷின் கை ஓங்கியிருக்கும்; ஸ்டிக்கில் சோடாவுக்கும் கணிசமான இடம் வேண்டும். ஆகவே ஒரே நேரத்தில் கிரீமிலிருந்து வரும் சோப்பைவிட ஸ்டிக்கிலிருந்து வருவது குறைவு. கொடுக்கவேண்டிய சுங்கமோ இரண்டுக்கும் ஒன்று.

திரிந்த சோப்பு சும்மாவும் இருப்பதில்லை. கால்சியம் சோப்பின் நுண்துகள்கள் நுரையின் மெல்லிய சுவர்களில் புகுந்து அவற்றை உடைக்கின்றன. சலவைத் தூள் தயாரிப்பவர்கள், இயந்திரத்தில் நுரை பொங்கி வழியாமல் இருக்க, இதே காரணத்துக்காகத் தூளில் கொஞ்சம் சோப்பு சேர்ப்பதுண்டு. அவர்கள் வேண்டிப் பெறுவதை என் முகம் வேண்டாமலே பெறுகிறது.

சில சவரச் சோப்புகளின் உறையில் ஈடிடிஏ என்று ஒரு பெயரைக் காணலாம். 1930களில் ஜெர்மனியின் ஐஜி ஃபார்பென் நிறுவனத்தில் ஃபெர்டினாண்ட் மூன்ஸ் உருவாக்கிய சேர்மம் இது. சாயத் தொழிலில் கடின நீரின் தொல்லையை அடக்குவதற்காக வந்தது. கால்சியத்தைச் சுற்றிவளைத்து வேறெதனோடும் சேரவிடாமல் வைத்துக்கொள்ளும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் சீக்வெஸ்ட்ரிங் ஏஜென்ட் என்று சொல்வது இந்த இனத்தைத்தான். 1940களில் சூரிச்சில் கெரால்ட் ஷ்வார்ட்சன்பாக் இதையே அளவுகோலாக்கினார். கல்லூரி ஆய்வகத்தில் சிவப்பு நீலமாகும் தருணத்தைப் பார்த்துக் கடினத்தன்மையைக் கண்டுபிடித்தோமே, அந்தச் சோதனை அவர் வழியில் வந்தது. கிளார்க்கின் நுரைப் பாட்டிலை அது ஓரங்கட்டியது.

உறையில் ஈடிடிஏ இருப்பதால் போர் தண்ணீர் அடங்கிவிடுமா? சோப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம். 30 மில்லி நீரிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு நான்கு பங்கைக்கூட அதனால் பிடிக்க முடியாது. சோப்பில் அதன் முக்கிய வேலை வேறு: இரும்பு, செம்பு போன்றவற்றின் சுவடுகளைப் பிடித்துவைத்துக் கொழுப்பு கெட்டுப்போகாமல் காப்பது.

ஆக நடைமுறை இதுதான். முகத்தை நனைக்க ஒரு கை நல்ல தண்ணீர். ஸ்டிக்கை முடியின் எதிர்த்திசையில், தோலில் வெண்மை தெரியும்வரை தேய்ப்பது. உதறிய பிரஷ்ஷால் கெட்டியாகக் கட்டிவிட்டு, பிறகு நுனியை மட்டும் நனைத்து இளக்குவது. கழுவும்போது இன்னும் கவனம் வேண்டும். அதுவரை கரண்டிக் கணக்கில் இருந்த தண்ணீர் அங்கே லிட்டர் கணக்காகிறது. 300 மில்லிகிராம் நீர் ஒரு லிட்டர் போதும், முகத்தில் மிஞ்சிய சோப்பு முழுவதையும் தோலிலேயே திரியவைக்க. சவரத்துக்குப்பின் முகம் பிசுபிசுத்து இழுப்பது இதனால்தான்; பலர் குறை சொல்வதோ சோப்பை. முதல் கழுவலுக்கு அரைக் குவளை சிறுவாணி போதும். அதன்பின் எந்தத் தண்ணீரும் பரவாயில்லை. கொதிக்கவைத்துத் தெளியவிட்டால் பைகார்பனேட்டாக உள்ள கடினம் போகும், சல்பேட்டாகவும் குளோரைடாகவும் உள்ளது போகாது.

ஷாம்பூவும் சலவைத் தூளும் செயற்கை நுரைப்பான்களுக்கு மாறி வெகுகாலமாகிறது. கால்சியத்தைப் பற்றி அவை அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அதனால் வீட்டில் தண்ணீரின் கடினம் இன்று கீசர் காயிலிலும் குழாய் முனையிலும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கிளார்க் அளந்த அதே விதத்தில், சோப்பும் நீரும் நேருக்குநேர் மோதி அது தெரியும் இடங்கள் குறைந்துவிட்டன. ஷேவிங் ஸ்டிக் அவற்றில் ஒன்று. நுரை நிற்கவில்லை என்றால் பிராண்டை மாற்றும் முன் தண்ணீரைக் குறையுங்கள், சோப்பைக் கூட்டுங்கள். சுங்கம் கட்டியபின் மிச்சமிருப்பதுதான் நுரைக்கும்.