தரையைப் பார்க்காமல்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையின்போது இரண்டு மாதங்கள் லூசியானா மாநிலத்து லஃபாயெட் நகரில் தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். போன முதல் வாரத்திலேயே ஒரு பிழை செய்தேன். தம்பி மகளுக்குப் பதின்மூன்று வயது. சாப்பாட்டு மேசையில் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். தாய்மொழி தெரியாத பிள்ளை வேரில்லாத செடி என்பது போல ஏதோ சொல்லிவிட்டேன். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் சொல்லிப் பழகிய வாக்கியமாதலால் சரளமாக வந்து விழுந்தது. அவளுக்குப் புரியாது என்று எண்ணியிருந்தேன். நன்றாகவே புரிந்திருக்கிறது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனவள் அதன்பின் என்னோடு ஆங்கிலத்திலும் பேசவில்லை.

வியாழக்கிழமை மாலைகளில் தாயும் மகளும் ஒரு நடன வகுப்புக்குச் செல்வார்கள். "வீட்டிலே தனியா என்ன பண்ணப் போறீங்க, நீங்களும் வாங்களேன்" என்றாள் தம்பி மனைவி. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். மரத்தரை போட்ட ஒரு சமுதாயக் கூடம். ஓரமாகக் கிடந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எழுபதை நெருங்கும் ஒரு பெண்மணி விரைந்து வந்து என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். ஆண்கள் மூன்று பேர் குறைகிறார்களாம். என் ரப்பர் செருப்பைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும். திரும்பும்போது உடம்பு போய்விடும், முழங்கால் நின்றுவிடும். அன்று காலுறையோடு ஆடினேன். மறுவாரம் தம்பியின் தோல் சப்பாத்து.

ஆடினேன் என்று சொல்வதும் மிகைதான். குரவை என்பது கைகோத்து ஆடுவது என்று ஆண்டுதோறும் சிலப்பதிகார வகுப்பில் விளக்கி வந்திருக்கிறேன். துணங்கைக்கு முழங்கையை எப்படி மடக்க வேண்டும் என்று தேர்வில் கேள்வியும் கேட்டிருக்கிறேன். ஆனால் நாற்பத்தாறு வயது வரை எவர் கையையும் கோத்து ஓர் அடி எடுத்து வைத்தவனில்லை.

ஆசிரியை கேஜன் இனத்தவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணும் குரலே பாட்டுப் போலிருக்கும். யாராவது ஓர் அடியைச் சரியாக வைத்துவிட்டால் கூடத்தின் மறுகோடியிலிருந்து கூவிக் கைதட்டுவார்; தவறாக வைத்தாலும் ஏறக்குறைய அதே கைதட்டல்தான். முதலில் வால்ட்ஸ். மூன்று தட்டு, தட்டுக்கு ஓர் அடி. இணைகள் கூடத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வரவேண்டும். தலை குதிக்காமல், நீரில் செல்லும் ஓடம் போல. பிறகு டூ ஸ்டெப். வை, சேர், வை, தொடு, மறுபக்கமும் அவ்வாறே. தாளில் எழுதினால் இரண்டு வரி. காலில் இறங்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. நான் உதடசைத்து எண்ணுவதைக் கண்டுவிட்டால், "பேராசிரியரே, வாயை மூடுங்கள்" என்பார். ஆடும் ஆண் அடுத்த நகர்வைச் சொல்லால் அறிவிக்கக் கூடாது. உள்ளங்கையும் தோளும் அறிவிக்க வேண்டும். சொல்லை விற்றுப் பிழைப்பவனுக்கு இதைவிடக் கடினமான கட்டளை வேறில்லை.

கேஜன் என்ற சொல் அக்காடியாவிலிருந்து வந்தது. இன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா எனப்படும் பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர்களை, நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார்கள் என்பதற்காக 1755இல் பிரிட்டிஷார் கப்பலேற்றித் துரத்தத் தொடங்கினார்கள். அலைந்து திரிந்தவர்களில் ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் வந்து குடியேறினர். சனிக்கிழமை இரவுகளில் யாராவது ஒருவர் வீட்டில் மேசை நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு ஆடுவார்களாம். குழந்தைகளைப் பக்கத்து அறையில் உறங்க வைத்துவிட்டு ஆடியதால் பின்னாளில் இத்தகைய நடனக் கூடுகைக்கே 'ஃபே தோ தோ' என்று பெயர். தூங்கு, தூங்கு என்பது பொருள். தாலாட்டுச் சொல் ஒன்று நடனத்துக்குப் பெயரானது வேறெங்கும் உண்டா என்று தெரிந்த நண்பர்கள் சொல்லலாம்.

நான்காவது வாரம், ஒலித்துக்கொண்டிருந்த பாட்டின் பொருளைக் கேட்டேன். "எனக்குத் தெரியாது" என்றார் ஆசிரியை. நான் விழிப்பதைப் பார்த்துச் சிரித்தார். 1921ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்று விதித்தது. அவர் தாய் ஆறு வயதில் பள்ளிக்குப் போனபோது பிரெஞ்சு தவிர ஒரு சொல்லும் அறியாதவர். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கவும் மொழியில்லாமல் இருக்கையிலேயே நனைத்துக்கொண்டாராம். இனிப் பள்ளியில் பிரெஞ்சு பேசமாட்டேன் என்று பலகை நிறைய எழுத வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறுமி வளர்ந்து தாயானபோது தன் பிள்ளைகளிடம் ஒருநாளும் பிரெஞ்சில் பேசவில்லை. "நான் பட்டது அவர்கள் படவேண்டாம் என்று நினைத்தாள். ஆனால் சனிக்கிழமைகளில் என்னைத் தன் பாதங்களின்மேல் நிறுத்தி வால்ட்ஸ் ஆடுவாள். அதை யாரும் பலகையில் எழுத வைக்கவில்லை பாருங்கள்."

1968இல் அதே மாநில அரசு பிரெஞ்சை மீட்க ஒரு மன்றம் அமைத்தது. இன்று பிரெஞ்சிலேயே பாடம் நடத்தும் வகுப்புகள் பொதுப்பள்ளிகளில் உள்ளன. தம் பேரன் அங்கே படிக்கிறான் என்றும், பாட்டின் பொருளை அவனிடம் கேட்டுச் சொல்வதாகவும் ஆசிரியை சொன்னார். நான் தம்பி மகள் நின்ற பக்கம் பார்க்கவில்லை.

வகுப்பின் பிற்பாதி ஸைடிகோ. இது கறுப்பினக் கிரியோல் மக்களின் ஆட்டம். "இது என் பிறந்தவீட்டுச் சொத்தில்லை, கற்றுக்கொண்டது" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே தொடங்குவார். பிரெஞ்சில் பீன்ஸைக் குறிக்கும் சொல்லின் மருஉவே ஸைடிகோ என்பர். பீன்ஸில் சேர்க்க உப்பிட்ட இறைச்சிக்கும் வழியில்லாத வறுமையின் சொல். இதில் கூடத்தைச் சுற்றுவதில்லை, நின்ற இடத்திலேயே. மெது, விரைவு, விரைவு. முழங்கால் தளர்ந்து, எடை தரைக்குள் இறங்கவேண்டும். துணி துவைக்கும் தகரப் பலகையைச் சட்டைபோல் மார்பில் மாட்டிக்கொண்டு வாசிக்கும் ஃப்ரோத்துவார் என்ற கருவி உண்டு. ஸைடிகோவின் அரசர் எனப்பட்ட கிளிஃப்டன் ஷெனியே 1946இல் ஓர் உலோகத் தொழிலாளியிடம் சொல்லிச் செய்வித்த வடிவம் அது. அந்தச் சுரண்டல் ஒலி காதுக்கு முன்பாக முழங்காலுக்குக் கேட்கிறது. விந்தை என்னவென்றால் இந்த ஆட்டம் எனக்கு எளிதாக வந்தது. ஊர்க் கொடைகளில் தவிலும் பம்பையும் கேட்டபடி ஆடாமல் நின்றிருந்த கால்கள் எங்கோ கணக்கு வைத்திருந்தன போலும்.

ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பாட்டும் அமெடே ஆர்துவான் பாடியதுதான். கிரியோல்காரர், ஒற்றை வரிசையில் பத்தே பொத்தான்கள் கொண்ட அக்கார்டியனை வாசித்தவர். டென்னிஸ் மெக்கீ என்ற வெள்ளையரின் ஃபிடிலோடு இணைந்து 1929இல் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடினார். இன்று கேஜன், ஸைடிகோ என்று இரண்டாகச் சொல்கிறோமே, இரண்டுக்கும் ஊற்று அவர். ஒரு வெள்ளையர் வீட்டு நடனத்தில் வியர்வை துடைக்க அந்த வீட்டுப் பெண் தந்த கைக்குட்டையை வாங்கிக்கொண்டார் என்பதற்காக வழியில் மடக்கி அடித்து நொறுக்கினார்கள் என்று அந்த வட்டாரம் முழுவதும் சொல்கிறார்கள். 1942இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். புதைத்த இடத்துக்கு அடையாளமில்லை. 2018இல் ஓப்பலூசாஸில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஆசிரியை இதைச் சொல்லும்போது மட்டும் கைதட்டுவதில்லை; குரலைத் தாழ்த்திக்கொள்வதுமில்லை. சொல்லி முடித்ததும் நேரே, "இணை தேடிக்கொள்ளுங்கள், வால்ட்ஸ்" என்பார்.

நான் புறப்படுவதற்கு முந்தைய வியாழக்கிழமை கூட்டம் குறைவு. அனைவரும் இணை சேர்ந்துவிட, தம்பி மகளும் நானும் எஞ்சி நின்றோம். ஆசிரியை கூடத்தின் நடுவிலிருந்து எங்களை நோக்கி இரண்டு கைகளையும் வீசினார். அவள் வந்தாள். கையைக் கொடுத்தாள். முகத்தை மட்டும் வேறுபக்கம் வைத்திருந்தாள்.

தொண்ணூறாண்டுப் பழைய ஒலிப்பதிவின் கீறலுக்குள்ளிருந்து அந்த உச்சக் குரல் எழுந்தது. பொருள் எங்கள் இருவருக்குமே தெரியாது. வழிநடத்த வேண்டியவன் நான். ஆனால் கால் வளையத்தில் கால் மாட்டியவனைப் போலத் தடுமாறிக்கொண்டிருந்தேன். முதல் சுற்று முடிவதற்குள் இரண்டு முறை அவள் பாதத்தை மிதித்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எந்த மொழியில் கேட்பதென்று தெரியவில்லை. அவள் உள்ளங்கை என் கையை இலேசாக இடப்புறம் தள்ளியது. நான் போனேன். மறுபடி தள்ளியது. வளைவில் திரும்பினேன்.

"பெரியப்பா," என்றாள். "கீழே பார்க்காதே."

பார்க்காதீர்கள் என்றிருக்க வேண்டும். நான் தரையிலிருந்து கண்ணை எடுத்தேன்.