அப்புச்சிக்கு ஒரு ஏப்ரன்

மே மாத முதல் வாரம். ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்வாசல். துணி துவைக்கும் கல்லை ஒட்டிப் படிந்திருந்த பாசியில் அம்மாயிக்குக் கால் வழுக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. முழங்கை வரை மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள்.

கொங்குப் பக்கம் அம்மாவைப் பெற்றவள் அம்மாயி, அம்மாவின் அப்பா அப்புச்சி. அந்த வீட்டில் அப்போது அவர்கள் இரண்டு பேரும், கோடை விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த 13 வயதுப் பேரனும்தான் இருந்தார்கள். மகள் வங்கி வேலையில் இருக்கிறாள். நான்கு நாள் லீவு போட்டு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஐந்தாம் நாள் காலையில் அடுப்படிக்குள் அப்புச்சி நுழைந்தார்.

மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி 40 வருஷத்துக்கு மேல் ஆகியும் காபியைக்கூடக் கலக்கிக் குடித்ததில்லை. முதல் நாள் அரிசிம்பருப்பு சாதம். கொங்கு வீடுகளில் சமையல் பழகுகிறவர்களைக் காப்பாற்றுவது அதுதான். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம் எல்லாம் ஒரே குக்கரில். தண்ணீர் கொஞ்சம் கூடிப்போனாலும் நெய் ஊற்றிச் சமாளித்துவிடலாம். அம்மாயி நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். "வெங்காயம் வதங்கட்டுங்க. அவசரப்படாதீங்க."

மூன்றாவது நாள்தான் அது நடந்தது.

அப்புச்சி வழக்கம்போல் தோளில் துண்டோடு நின்று ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். பின் அடுப்பிலிருந்த சட்டியை எடுக்கக் குனிந்தபோது துண்டின் நுனி முன் அடுப்புத் தீயில் விழுந்தது. அவர் உதறிப் போடுவதற்குள் சட்டைக் கையில் பற்றிவிட்டது. பொங்கலுக்கு மருமகன் எடுத்துக் கொடுத்த பளபளப்பான பாலியஸ்டர் சட்டை. பருத்தி எரிந்தால் சாம்பலாகும்; பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்க் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு அவர் நிற்க, முழங்கைக்கு மேலே ரூபாய் அகலத்துக்குப் புண்.

சத்தம் கேட்டு அம்மாயி எழுந்து ஓடினார். ஓடினாரே தவிர, ஒரு கையால் அந்தச் சட்டையைக் கழற்றிவிடக்கூட அவரால் முடியவில்லை. பேரன்தான் பொத்தான்களை அவிழ்த்தான். அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை.

நம் வீடுகளில் ஏப்ரன் என்று ஒன்று கிடையாது. அதன் வேலையெல்லாம் முந்தானைக்கு. கை துடைக்க, சூடான பாத்திரம் இறக்க, அழுகிற குழந்தைக்கு மூக்குத் துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அந்த முந்தானையே தீப்பிடித்துப் போன உயிர்கள் எத்தனை என்பதும் நமக்குத் தெரியும். இடுப்பில் இழுத்துச் செருகிக்கொள் என்று தாய்மார்கள் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதனால்தான். அடுப்படிக்கு வருகிற ஆம்பளைக்கு எதை எங்கே செருகுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் மகளுக்குப் போன் போனது. "ஆன்லைன்ல ஏப்ரன் ஆர்டர் போட்டறட்டுமாம்மா?" என்றாள். படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்த அம்மாயி உதட்டைப் பிதுக்கினார். "மழைக்கோட்டுத் துணியாட்ட இருக்குது. அதுவும் உருகும். வேண்டாங் கண்ணு, நானே தெச்சுக்கறேன்."

எந்தக் கையால் என்று மகள் கேட்கவில்லை. அம்மாயியின் கண் அப்போதே பேரன் பக்கம் திரும்பிவிட்டது.

அறையின் மூலையில் கல்யாணத்துக்கு வந்த கறுப்புத் தையல் மெஷின். இரும்புக் கால், மரப் பலகை, தோல் பெல்ட். மகளின் பாவாடையிலிருந்து தெருவில் பாதிப் பேருடைய ஜாக்கெட் வரை அதில் தைத்தவைதான். இயந்திரங்கள் மேல் பெரிய சந்தேகம் வைத்திருந்த காந்திகூட, 1924-ல் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார். 1851-ல் காப்புரிமை வாங்கிய ஐசக் சிங்கர் நிஜத்தில் அப்படியொன்றும் உத்தமக் கணவர் இல்லை. ஆனாலும் மெஷின் நல்ல மெஷின்தான்.

பேரன் தயங்கினான். "ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரிஞ்சா கிண்டல் பண்ணுவாங்க அம்மாயி."

"உன்ற ஃப்ரெண்டுக பேண்ட்ட எல்லாம் தெச்சது ஆம்பளை டெய்லருதான் சாமி."

அதற்குப் பதில் இல்லை.

முதல் இரண்டு நாள் நூலே கிடையாது. பழைய செய்தித்தாளில் ஸ்கேலால் கோடு போட்டு, வெறும் ஊசியை அந்தக் கோட்டின் மேல் ஓட்ட வேண்டும். மிதி சீராக விழாவிட்டால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். நூல் கோத்திருந்தால் அறுந்துபோகும். "எதுத்தாப்புல சுத்தாத, நூலு அந்துபோகும்" என்று அம்மாயி நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்புச்சியின் காதிலும் அது விழுந்துகொண்டே இருந்தது.

துணி, சந்தையில் வாங்கிய காடா. 36 அங்குல அகலத்தில் ஒன்றேகால் மீட்டர். வாங்கியதும் வெட்டிவிடக் கூடாது. காடாவில் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். முதல் சலவையில் சுருங்கும். அதனால் ராத்திரி முழுக்க ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் சாக்பீஸ் எடுக்க விட்டார்.

29 அங்குல அகலம், 33 அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு. அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மேல் ஓரத்தில் மடிப்பிலிருந்து 6 அங்குலத்தில் ஒரு புள்ளி. வெளி ஓரத்தில் மேலிருந்து 10 அங்குலம் இறங்கி இன்னொரு புள்ளி. இரண்டையும் உள்பக்கமாக வளைத்துச் சேர்த்து வெட்டினால் கைக்கு வளைவு வந்துவிடும். பக்கங்களை அரை அங்குலமாக இரண்டு மடிப்பு மடித்துத் தைக்க வேண்டும். வளைவில் மட்டும் அப்படி மடித்தால் சுருக்கம் விழும். அதற்குத் துணியைக் குறுக்காக வெட்டிய கிராஸ் பட்டி. அம்மாயியின் பழைய ஜாக்கெட் லைனிங்கிலிருந்து அது கிடைத்தது. வெட்டியது போக ஓரத்தில் நின்ற நீளத் துணியில் இடுப்புக்கு இரண்டு நாடா. கழுத்துக்கு 24 அங்குலத்தில் ஒன்று. நாடா சேரும் இடங்களில் கெட்டித் தையல், அதாவது போன வழியிலேயே திரும்பி வந்து மறுபடி ஒரு தையல்.

அளவெடுக்கும்போது அப்புச்சி நிற்க மறுத்தார்.

"ஆஸ்பத்திரிக்காரன் மாதிரி அதைக் கட்டீட்டு நிக்கறதுக்கு நான் என்ன கம்பவுண்டரா?"

அம்மாயி வாயைத் திறக்குமுன் பேரன் கேட்டான். "பெல்ட் கட்டாம கம்பத்துல ஏறுனவங்கள நீங்க கீழ எறக்கி உட்டுருவீங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்களே அப்புச்சி."

அவர் கொஞ்ச நேரம் இன்ச் டேப்பையே பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கி நின்றார்.

பாக்கெட்டில்தான் பையன் சொதப்பினான். அப்புச்சி நாள் முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிறவர். அதற்காகவே நெஞ்சுப் பக்கம் ஒரு பாக்கெட் வேண்டும் என்பது அம்மாயியின் உத்தரவு. அவனோ உற்சாகத்தில் நான்கு பக்கமும் தைத்துவிட்டான். அம்மாயி சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு தொட்டில் ஆடியது. விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். பிளேடால் மேல் தையலைப் பிரித்தார்கள். பிரித்த தடம் இன்னும் இருக்கிறது.

இடுப்பில் வலது பக்கம் ஒரு வளையம், பிடிதுணி தொங்கவிட. இனி தோளில் துண்டு கூடாது என்பது அடுப்படிச் சட்டம். நாடாவை முதுகுப்பக்கம் இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகத்தான் போட வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். பருத்தி என்றாலும் துணி துணிதான், தீப்பிடிக்காமல் இருக்காது. கழற்றி எறிய ஒரு நொடிக்கு மேல் ஆகக் கூடாது.

எல்லாம் முடிந்து, அடி ஓரம் மட்டும் பாக்கி. பேரன் மடிக்கப் போனான். "அது இருக்கட்டும் கண்ணு, அதை நான் அடிச்சுக்கறேன்" என்று அம்மாயி வாங்கி வைத்துக்கொண்டார்.

அப்படியே, அடியில் நூல் நூலாகப் பிரிந்து தொங்கும் ஏப்ரனோடுதான் அப்புச்சி மே கடைசியிலிருந்து சமைத்தார். கொள்ளு ரசம் வந்தது. பச்சைப்பயறு கடைசல் வந்தது. பால் வாங்க அதோடேயே தெருவுக்குப் போய், எதிர் வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்ததும், "பேரன் தெச்சது" என்று நின்று சொல்லிவிட்டு வந்தார். ஜூன் பிறந்ததும் பையன் ஊருக்குப் போய்விட்டான்.

ஜூன் நடுவில் கட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த கை அம்மாயிக்கே அந்நியமாக இருந்தது. மெலிந்து, தோல் உரிந்து, விரல்கள் மடங்க மறுத்தன. ஸ்பாஞ்ச் பந்தைக் கொடுத்து தினமும் அமுக்கச் சொன்னார்கள். கரண்டி பிடிக்க முடிந்தது, தோசை திருப்ப முடியவில்லை. பழையபடி ஆகுமா என்று அவர் டாக்டரிடம் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், கதவு ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தார். அடி ஓரத்தை மடிக்க இடது கை போதும். ஆனால் மெஷின் சக்கரம் வலது பக்கம் இருக்கிறது. அதைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால்தான் மிதி பிடிக்கும். இரண்டு தடவை முயன்றார். சக்கரம் பாதியில் நின்றது.

அப்புச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அதைக் குடு, தாளிக்கோணும்."

"இருங்க, முடிச்சுத் தர்றேன்."

அவர் வந்து பக்கத்தில் நின்றார். எதுவும் கேட்காமல் சக்கரத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். எதிர்ப்பக்கமாக. நூல் பட்டென்று அறுந்தது.

"அத்தனை தடவ அந்தப் பையனுக்குச் சொன்னனே, உங்க காதுல உழுகலையா?"

"உழுந்துச்சு. எந்தப் பக்கம்னுதான் மறந்துபோச்சு."

ஊசியில் நூல் கோத்துத் தரக் கண்ணாடியைத் தேடினார். அது ஏப்ரன் பாக்கெட்டில், மெஷினுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் அம்மாயி நூலின் நுனியை நாக்கில் நனைத்து, வலது கை விரல்களுக்கிடையில் வைத்து ஊசிக் காதை நோக்கி நீட்டியிருந்தார். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவதும். அப்புச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து காத்திருந்தார்.