மரநிழலும் பூனைக்குடியும்

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தாருள், மல்லேஸ்வரத்தை அடுத்துப் பரந்து கிடக்கும் இந்திய அறிவியல் கழகத்தை அறியாதார் அரியர். பழைய ஊரார் நாவில் அதன் பெயர் இன்றும் ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்பதே. ஜாம்ஷெட்ஜி டாடா கண்ட கனவு, அவர் 1904-இல் மறைந்த பின்னர், மைசூர் அரசு ஈந்த நிலத்தில் 1909-இல் உருப்பெற்றது. திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன் 1933-இல் அதன் முதல் இந்திய இயக்குநராக அமர்ந்தார் என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. ஆயினும் இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுவது பேரறிஞர்களைப் பற்றியன்று; அவ்வளாகத்தின் மரநிழலில் வாழும் சிற்றுயிர்களைப் பற்றியே.

சுமார் 400 ஏக்கர் பரப்புள்ள அந்நிலம் ஒரு காலத்தில் புதர் மண்டிய மேட்டுநிலமாக இருந்தது. இன்றோ, சாலைகளின் இருமருங்கும் கிளைகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன. அங்குக் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் அழைப்பின் பேரில் ஒரு மாலைப்பொழுது நாம் உள்ளே நடந்தோம். தேன்சிட்டும் சின்னானும் அடங்கும் நேரம். அணில்கள் கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தன. இருட்டிய பின்னர் அம்மரங்களில் வேறோர் உயிர் விழித்தெழும். அதுதான் தேவாங்கு. பெருநகரின் நடுவே தேவாங்கு வாழ்கிறது என்றால் நம்பாதவர் உண்டு. கால் கிலோ எடைகூடத் தேறுமோ தேறாதோ எனும்படியான அச்சிறு விலங்கு, பூச்சிகளைத் தின்று கிளைவழியே மெல்ல நகர்ந்து வாழ்கிறது. அதற்குத் தாவத் தெரியாது. கிளைத்தொடர் அறுந்த இடத்தில் தரையில் இறங்கித்தான் அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். இந்த உயிருக்காகவே 2022-இல் நம் தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சார்ந்த கடவூர்ப் பகுதியில் ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

உணவுக்கூடம் ஒன்றின் பின்புறம் வந்தபோது நான்கைந்து பூனைகள் வாலைச் சுருட்டி வரிசையாக அமர்ந்திருந்தன. மீன் வாடையும் மிச்சச் சோறும் உள்ள இடத்தில் பூனை சேருவது புதுமையன்று. இந்தியாவில் எந்தக் கல்லூரி வளாகத்துக்குச் சென்றாலும் இக்காட்சியைக் காணலாம். இளைஞர் ஒருவர் பாக்கெட்டைப் பிரித்துப் பிஸ்கட்டை வீசினார். மற்றொருவர் கல்லை எடுப்பதுபோல் குனிந்தார். பூனையைப் பற்றி நம்மவரிடையே உள்ள இரு கட்சிகளையும் ஒரே நொடியில் அங்கே கண்டோம். ஒரு கட்சி, உணவிடுவதே அறம் என்கிறது. மற்றது, ஓட்டிவிட்டால் தொல்லை தீரும் என்கிறது. இரண்டும் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன என்பது நம் கருத்து.

ஓட்டுவதால் ஏன் பயனில்லை என்பதை முதலில் பார்ப்போம். உணவும் மறைவிடமும் இருக்கும்வரை, போன பூனையின் இடத்துக்கு வேறொன்று வந்து சேரும். வெறுமனே உணவிடுவதன் விளைவோ இன்னும் விரைவானது. பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே கருத்தரிக்கும். சினைக்காலம் இரண்டு மாதமே. ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள். ஆண்டுக்கு இரண்டு ஈற்றும் உண்டு. அக்குட்டிகளுள் பல நோயாலும் வண்டிச் சக்கரத்தாலும் மடிகின்றன. ஒரு வேளைச் சோற்றோடு நின்றுவிடும் இரக்கம், அறியாமலே இத்துன்பத்தை வளர்க்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பர். நாம் கண்ணை மூடிக்கொண்டாலும் அப்படித்தான்.

மூன்றாவது வழி ஒன்றுண்டு. பூனையைக் கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது. மயக்கத்தில் இருக்கும்போதே காதின் நுனியைச் சிறிது கத்தரித்து அடையாளம் இடுவர். மறுமுறை அதே பூனையைப் பிடித்து அலைக்கழிக்க வேண்டாம் அல்லவா? அமெரிக்காவில் மத்திய புளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் இம்முறையை 1991 முதல் கையாண்டனர். 2002 வரை அங்குக் கணக்கில் வந்த பூனைகள் 155. அவற்றுள் ஏறத்தாழ பாதி, வீடுகளுக்கு வளர்ப்பாகச் சென்றன. 1995-க்குப் பின் வளாகத்தில் குட்டிகள் காணப்படவில்லை. 1996-இல் 68 ஆக இருந்த எண்ணிக்கை, 2002-இல் 23 ஆகக் குறைந்தது. இதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்று. அறுவை மட்டும் இதைச் சாதிக்கவில்லை. வீடு கொடுத்தவர்களும், புதிதாக வந்து சேர்ந்த பூனையை அது ஈனுமுன்னரே கண்டு ஆவன செய்தவர்களும் உடன் நின்றார்கள்.

நண்பரின் துணைவியார் தமக்கெனச் சில விதிகளை வகுத்துக்கொண்டு சில பூனைகளைப் பார்த்து வருகிறார். உணவு ஒரே இடத்தில், பகலில், ஒரே நேரத்தில். அரைமணிக்குப் பின் தட்டு எடுக்கப்படும். எலிக்கும் காக்கைக்கும் மிச்சம் வைப்பதில்லை. பால் வைப்பதுமில்லை, வளர்ந்த பூனைகளுள் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை, தண்ணீரே போதும். “சோறு வைப்பது அரைமணி வேலைங்க, எது புதுசு, எது சினை என்று கணக்கு வைப்பதுதான் பெரிய வேலை” என்றார் அவர். குட்டி கண்ணில் பட்டால், பிறந்து இரண்டு மாதத்துக்குள் மனிதர் கைக்குப் பழக்கி, வீடு தேடித் தருகிறார். வளர்ந்த காட்டுப் பூனைபோல் சீறும் கடுவனை அவ்வாறு பழக்க முயல்வதில்லை. கீறலோ கடியோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடும். வயிறு நிறைந்த பூனையும் தேன்சிட்டின் மீது பாயும். தரையில் இறங்கிய தேவாங்கின் மீதும் பாயக்கூடும். தேவாங்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் காக்கப்படும் உயிர். ஆகவே அடர்ந்த மரச்செறிவின் ஓரத்தில் பூனைக்கு உணவிடுதல் தகாது. கட்டடங்களின் அருகேயே இடுதல் வேண்டும். பழகிய பூனையை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது எல்லாவற்றினும் மேல். ஓருயிருக்குக் காட்டும் அருள் மற்றோருயிருக்கு யமனாக ஆகலாகாது.

இனி நம் குடும்பங்களின் பங்கு. வளாகத்துப் பூனை எல்லாம் வளாகத்திலே பிறந்தவை அல்ல. ‘உள்ளே மரமும் சோறும் உண்டு, பிழைத்துக்கொள்ளும்’ என்று மதிலோரம் குட்டியை விட்டுச் செல்வோர் எந்த ஊரிலும் உண்டு. படிப்பு முடிந்து விடுதியைக் காலி செய்யும் மாணவர் செல்லப்பூனையை விட்டுவிட்டு ரயிலேறுவதும் உண்டு. உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறும் நாம் இதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். மாற்றல் உத்தரவு வந்ததும் பாத்திரம் பண்டத்துக்குப் பட்டியல் போடுகிறோம். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுக்கிறோம். பூனை மட்டும் பட்டியலில் இல்லை. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் தக்க காரணமின்றி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பலர் அறியார்.

புது ஊரில் மொழி தெரியாமல், முகம் தெரியாமல் நின்ற முதல் நாள் நம்மில் யாருக்கும் மறந்திராது. அன்று நமக்கு ஒரு முகவரியாவது கையில் இருந்தது. ஆதலின் வீட்டுப் பூனைக்குக் காலத்தில் கருத்தடை செய்யுங்கள். ஊர் மாறும்போது உடன் அழைத்துச் செல்லுங்கள். இயலாதெனில், பொறுப்பேற்கும் ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பிறகு பூட்டைப் பூட்டுங்கள்.