கேட்டு எடு! எடுத்ததைக் கொடு!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)



வெளிநாடு போகிறவர்கள் தெருவில் எடுக்கிற போட்டோக்களைப் பற்றி மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் என் பெஞ்ச் நண்பன் சிரித்துவிட்டான். "உனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. வாலாஜாபாத் தாண்டினா வழி கேக்கற ஆளு நீ. உனக்கு எதுக்குடா வெளிநாடு?" என்றான். அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கேமராவை மாட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் போகிறவன் ஒருவன் இருந்தால், அந்த ஊர்த் தெருவில் நின்று அவனைப் பார்த்துச் சிரிக்கிற உள்ளூர்க்காரன் ஒருவனும் இருக்க வேண்டும் அல்லவா? போகிறவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நின்றவர்கள் சார்பாக நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் பக்கம் உள்ள திருமுக்கூடல் என் ஊர். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகிற இடம் என்பதால் இந்தப் பெயர். அக்கரையில் பழைய சீவரம். இக்கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். இந்தக் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் (ஆட்சிக் காலம் 1063-1070) கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்திலேயே இங்கே 15 படுக்கை உள்ள ஒரு ஆஸ்பத்திரி இருந்ததாம்! 'ஆதுலர்சாலை' என்று அதற்குப் பெயர். ஒரு வைத்தியர், அறுவை வைத்தியம் செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், தண்ணீர் தூக்க ஒருவர் என்று எல்லாரையும் கணக்குப் போட்டுக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

சின்ன வயதில் அந்தச் சுவரில் சாய்ந்து கோலி ஆடியிருக்கிறேன். அர்த்தம் தெரிந்தது பாலிடெக்னிக் வந்த பிறகுதான். வைத்தியருக்கும் தண்ணீர் தூக்கியவருக்கும் ஒரே சுவரில் இடம் கொடுத்திருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. ஆள் போய் 900 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 'இப்படி ஒருத்தர் இங்கே இருந்தார்' என்று இன்றைக்கும் தெரிகிறது. போட்டோ செய்கிற வேலையும் இதுதானே?

ஒரு மாட்டுப் பொங்கல்

தை 2-ஆம் தேதி எங்கள் பக்கத்தில் பார்வேட்டை உற்சவம். காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் பழைய சீவரம் மலைக்கு வருவார். பிறகு ஆறு தாண்டித் திருமுக்கூடலுக்கு வருவார். சுற்று வட்டார ஊர்ப் பெருமாள்களும் வந்து கூடுவார்கள். அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் கேமராக்காரர்கள் நடமாட்டம். வெள்ளைக்காரர்களும் ஒருவர் இருவர் வருவதுண்டு.

2016-ஆம் வருஷம் எனக்கு ஒன்பது வயது. முந்தின நவம்பரில் வெள்ளம் வந்திருந்ததால் ஆற்றில் ஓரமாகத் தண்ணீர் இருந்தது. தாத்தா எங்கள் இரண்டு மாட்டையும் இறக்கி வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தார். கேமராவோடு ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் கரையில் வந்து நின்றார்கள். கூட ஒரு ஆட்டோக்காரர், மொழி சொல்ல.

அவர் கேமராவைத் தூக்கிக் காட்டி, தலையை ஆட்டி, 'எடுக்கட்டுமா?' என்பதுபோல் கேட்டார். தாத்தா சட்டை இல்லாமல் கோவணத்தோடு நின்றார். உடனே துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மாட்டின் கொம்பைப் பிடித்து நிமிர்ந்து நின்றாரே பார்க்கணும்! மகாராஜா தோற்றார்! எடுத்த படத்தைக் கேமராவின் பின்பக்கத்தில் காட்டினார்கள். தாத்தா அதை உற்றுப் பார்த்தார். "அட, மாடு நல்லா வுழுந்துக்குது" என்றார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் அவர்களை வீட்டுக்குக் கூட்டி வந்து, ஆயா கையால் பொங்கலும் மோரும் கொடுக்க வைத்தார். அந்தம்மா தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டார். எந்த ஊர் என்று தாத்தா கேட்டார். ஏதோ பேர் சொன்னார்கள், எங்களுக்குப் புரியவில்லை. தாத்தாவுக்கு வெள்ளையாக இருப்பவர் எல்லாரும் லண்டன்தான். கிளம்பும்போது, "எனக்கு ஒரு காப்பி அனுப்பச் சொல்லுப்பா" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார். அவரும் சொன்னார். வெள்ளைக்காரர் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார்.

படம் வரவில்லை. நாங்கள் விலாசம் எழுதிக் கொடுத்தோமா, அவர்கள் தொலைத்தார்களா, இதெல்லாம் இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. கொஞ்ச நாள் தபால்காரர் சைக்கிளைக் கண்டால் தாத்தா, "லண்டன்லேர்ந்து எதனா வந்துக்குதா?" என்று கேட்பார். பிறகு அதுவே தெருவில் ஒரு கேலிப் பேச்சாகிவிட்டது. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

2021-ல் தாத்தா காலமானார். காரியத்துக்குப் படம் வேண்டும் என்றார்கள். வீடு முழுக்கத் தேடினோம். ஓட்டுக் கார்டில் இருந்த தம்மாத்தூண்டு படத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஸ்டூடியோவில் அதைப் பெரிசு பண்ணினார்கள். முகம் மங்கி, புள்ளி புள்ளியாக வந்தது. கழுத்துக்குக் கீழே கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைச் சட்டையும் ஜரிகை அங்கவஸ்திரமும் ஒட்டிக் கொடுத்தார்கள். வாழ்நாளில் அவர் போடாத சட்டை! ஆயா அதைப் பார்த்துவிட்டு, "யார்ரா இது?" என்றாள்.

மாட்டுக் கொம்பைப் பிடித்து நிமிர்ந்து நின்ற என் தாத்தா எங்கேயோ ஒரு தேசத்தில், யார் வீட்டு அலமாரியிலோ கம்ப்யூட்டரிலோ பத்திரமாக இருக்கிறார். எங்கள் வீட்டில் இருப்பவர் வேறு யாரோ. அந்த வெள்ளைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டுத்தான் எடுத்தார், மரியாதையாகத்தான் பழகினார். ஆனால் வேலை பாதியில் நின்றுவிட்டது.

உலகம் சுற்றிய தமிழர்

இதே வேலையைத் தலைகீழாகச் செய்த ஒரு தமிழரைப் பற்றிப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் பெயர் ஏ.கே.செட்டியார். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர். பர்மாவில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். அன்றைக்கு நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்திஜியின் வாழ்க்கையை ஒரு முழுப் படமாக எடுத்தால் என்ன என்று தோன்றியதாம். அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை!

அதற்காகச் சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றினார். முப்பது வருஷ காலத்தில் ஏறக்குறைய நூறு கேமராக்காரர்கள் எங்கெங்கோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிப் பிடித்தார். தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து என்று ஒவ்வொரு ஊரிலும் முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி, "எங்கள் காந்தி உங்களிடம் இருக்கிறாரா?" என்று கேட்பதுபோலத்தான் அந்த வேலை. அப்படிச் சேர்ந்தது 50,000 அடி ஃபிலிம். 1940-ல் தமிழில் படம் வெளிவந்தது. இந்த அனுபவங்களை 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலில் படிக்கலாம். வெளியூர்க்காரனுக்கு உள்ளூர்க்காரர்கள் எவ்வளவு உதவுவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொரு விஷயம். பிற்காலத்தில் அந்தப் படத்துக்கே நம் நாட்டில் பிரதி அகப்படாமல் போயிற்று. அதன் ஆங்கில வடிவத்தின் பிரதி அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பது ரொம்ப காலம் கழித்துத்தான் தெரிந்தது. பாருங்கள், காந்தித் தாத்தாவுக்கே இந்தக் கதி என்றால் என் தாத்தா எம்மாத்திரம்!

கேட்டு எடுப்பது

தெருவில் எடுக்கிற படத்துக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டு ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் (1908-2004). 1948 ஜனவரி 30 அன்று காந்திஜி சுடப்படுவதற்குச் சற்று முன் அவரைச் சந்தித்தவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். எங்கள் ஊரில் வந்து கலக்கிற செய்யாறு அந்த மாவட்டத்தைத் தாண்டித்தான் வருகிறது! சின்ன லைக்கா கேமரா ஒன்றுதான் அவர் ஆயுதம். பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப்பால் ஒட்டி மறைத்துவிடுவாராம், யார் கண்ணிலும் படாமல் எடுப்பதற்காக. ஆனால் தன்னை யாராவது படம் எடுத்தால் அவருக்குப் பிடிக்காது. இது எப்படி இருக்கு?

அவர் பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் எல்லாரும் அவர் ஆகிவிட முடியாது. கையில் செல்போன் இருக்கிறது என்பதற்காகக் குளிக்கிறவர், அழுகிறவர், பசியோடு இருப்பவர் என்று யாரையும் சுட்டுத் தள்ளக் கூடாது. ஜெர்மனியில் 1898-ல் பிஸ்மார்க் இறந்த அன்று இரண்டு பேர் திருட்டுத்தனமாக அறைக்குள் நுழைந்து பிணத்தைப் படம் எடுத்துவிட்டார்கள். அது பெரிய வழக்காகி, கடைசியில் 1907-ல் ஒரு சட்டமே வந்தது: ஒருவர் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்று. துபாய் இருக்கிற அமீரகத்தில் அனுமதி இல்லாமல் ஒருவரைப் படம் எடுப்பது குற்றம். நாளைக்கு நம்மில் பலர் சிங்கப்பூர், துபாய், கத்தார் என்று வேலைக்குப் போவோம். அங்கே நாம்தான் வெளிநாட்டுக்காரர். இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கேட்பதற்கு மொழி தேவையில்லை. எங்கள் தாத்தாவிடம் அந்த வெள்ளைக்காரர் ஒரு வார்த்தையும் பேசவில்லையே! கேமராவைத் தூக்கிக் காட்டி ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

எடுத்ததைக் கொடுப்பது

எனக்கு அப்பா பழைய செல்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தார், பாலிடெக்னிக் பாடம் படிக்க. கல் கிரஷரில் வேலை பார்ப்பவர் அவர். அப்பா தாத்தா யாரும் பள்ளிக்கூடம் தாண்டாத வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அந்தப் போனில்தான் தெருப் படம் எடுக்க ஆரம்பித்தேன். நூறு நாள் வேலை முடிந்து மம்முட்டியோடு வருகிற பெரியம்மாக்கள், கல் லாரி ஓட்டும் அண்ணன்கள், டீக்கடையில் ஆற்றுகிற கை என்று பார்த்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு எடுக்கிறேன். மாசம் ஒரு தடவை நல்லதாகப் பொறுக்கி வாலாஜாபாத்தில் பிரிண்ட் போட்டு, எடுத்தவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். ஒரு டீ, வடை காசுதான் ஒரு படத்துக்கு.

எங்கள் தெருக் கோடியில் ஒரு ஆயா. "என்னை எடுக்காதடா, கிழவியை எடுத்து இன்னா பண்ணப் போற" என்று விரட்டினார். நான் எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே வந்தார். தலை வாரி, மூக்குத்தி போட்டு, கெட்டிக் கலர் புடவை கட்டியிருந்தார். "ஆதார் கார்டுல இருக்கறது என் மூஞ்சியே இல்ல. நாளைக்கு நான் செத்தா மாட்டறதுக்கு ஒண்ணு நல்லா எடுத்துக் குடு சாமி" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வேப்ப மரத்து நிழலில் உட்கார வைத்து எடுத்தேன். பிரிண்ட்டைப் பார்த்து, "இது நான்தான்" என்றார். இதைவிடப் பெரிய பரிசு எந்தப் போட்டியில் கிடைக்கும்?

விலை உயர்ந்த கேமரா வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். உச்சி வெயிலில் எடுத்தால் கண்குழியில் நிழல் விழும். காலையிலும் சாயங்காலத்திலும் எடுங்கள். நின்றுகொண்டு குழந்தையை எடுக்காமல் உட்கார்ந்து எடுங்கள். தூரத்திலிருந்து ஜூம் போடாமல் நாலு அடி நடந்து பக்கத்தில் போங்கள். பக்கத்தில் போனால் பேச வேண்டி வரும். பேசினால் பழக்கம் வரும். பழகிவிட்டால் முகம் தானாக மலரும். நான் கண்ட டெக்னிக் இவ்வளவுதான்!

நண்பர்களே, செமஸ்டர் லீவு வருகிறது. உங்கள் வீட்டிலும் ஓட்டுக் கார்டில் மட்டும் இருக்கிற ஒரு தாத்தாவோ ஆயாவோ இருப்பார்கள். சட்டை பித்தானைப் போட்டுவிட்டு, வெளிச்சத்தில் உட்கார வைத்து, ஒரு படம் எடுங்கள். எடுத்ததோடு விடாமல் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். போன் தண்ணீரில் விழும், உடையும், தொலையும். ஆணியில் மாட்டிய படம் அங்கேயேதான் இருக்கும்.